இருபத்துநாலாம் சொல்

1996 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை பெட்டி டீச்சர் வந்து உட்கார்ந்தார், முதலில் அழுது முடித்தார். பிறகுதான் பேச்சு வந்தது. இன்சூரன்ஸ் மோசடிகளைத் துருவியே காலம் தள்ளி ஓய்வு பெற்ற கோதண்டராமன் பொறுமையாகக் காத்திருந்தார். அவர் துப்பறியப் போகும் இடமெல்லாம் வலிய வந்து ஒட்டிக்கொள்ளும் பக்கத்து வீட்டு விஜிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"காப்பி அடிச்சேன்னு சர்ச்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார் சார், பாஸ்டர் சிரில். என்னோட சண்டே கிளாஸையும் பிடுங்கிட்டார். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து நான் நடத்துற கிளாஸ்!"

காக்ஸ் டவுன் சபையில் சிரில் வேதாகமத்தின் கிரேக்கச் சொற்களுக்குப் பொருள் சொல்லித் தருகிறார். படிக்க வருகிறவர்களுக்குக் கிரேக்க எழுத்து ஒன்றும் தெரியாது. அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் கொடுப்பார். சபை நூலகத்தின் தடித்த ஆங்கில அகராதியில் அந்த எண்ணைத் தேடிப் பொருள் எழுதிவர வேண்டும். இருபத்துநாலாம் சொல்லுக்குப் பொருள் 'கடுங்கோபம்'. அவரிடம் படிக்கும் பெட்டியோ, ஏதோ வயல் பயிரைச் சொல்வதுபோல் 'பச்சைக் கதிர்' என்று எழுதியிருந்தார். பீன்யா ஃபேக்டரியில் வேலை பார்க்கும் தனக்கோடியும் அதையே எழுதியிருந்தார். மற்றதெல்லாம் இருவருக்கும் சரி.

"பச்சைக் கதிரா?" விஜிக்குத் தலை சுற்றியது. "இப்படியொரு தப்பு ரெண்டு பேருக்கு ஒண்ணா எப்படி வரும்?"

"அதான் எனக்கும் புரியல. நான் காலையில லைப்ரரிக்குப் போவேன், அவர் ஷிஃப்ட் முடிச்சு சாயங்காலம் வருவார். புக்ல இருந்ததைத்தான் எழுதினேன். அதுக்கு முந்தின வாரம்தான் பாஸ்டர் அன்பைப் பத்திப் பிரசங்கம் பண்ணார். இருபத்தாறாம் சொல்லுன்னு படிச்சுக் காட்டி எங்களையெல்லாம் அழ வெச்சார். அந்த மனுஷனா இப்படி?"

மூவரும் நூலகத்துக்குப் போனார்கள். வழியெல்லாம் விஜி குழம்பினாள். தனக்கோடி காப்பியடித்தார் என்றால் டீச்சருக்குக் கதிர் எங்கிருந்து கிடைத்தது? டீச்சர் அடித்தார் என்றாலும் அதே கேள்விதான்.

"விஜி, இருபத்துநாலை நீயே தேடு," என்று அகராதியை அவள் பக்கம் தள்ளினார் கோதண்டராமன்.

"கிரேக்கம் பின்னாடிதான் இருக்கும்," என்றார் பெட்டி. விஜி பின்பக்கத்தைப் புரட்டினாள். அங்கே எண்கள் நூற்றுக்கு மேல்தான் ஆரம்பித்தன. சின்ன எண் என்றால் முன்னால்தானே இருக்கும்? முதல் பக்கங்களைத் திருப்பினாள்.

"சார்! பச்சைக் கதிர்னு போட்டிருக்கு!"

"சரி, நீயும் காப்பி அடிச்சிட்டே," என்று கோதண்டராமன் சிரித்தார்.

அவர் சொல்லியனுப்ப, சிரிலும் தனக்கோடியும் வந்து சேர்ந்தார்கள்.

"பாஸ்டர், இதுல முன்பாதி பழைய ஏற்பாட்டோட எபிரேயம், பின்பாதி புதிய ஏற்பாட்டோட கிரேக்கம். ரெண்டுக்கும் எண் ஒண்ணுலேர்ந்து ஆரம்பம். கிரேக்கத்தோட முதல் தாள் இல்ல, தலைப்பும் அதோட போயிடுச்சு. அங்க கிடைக்கலைன்னா யாரும் முன்னாடி போய் எபிரேயச் சொல்லைத்தான் எடுப்பாங்க. ரெண்டு பேரும் தனித்தனியா அதே குழியில விழுந்தாங்க. யாரும் யாரையும் பார்த்து எழுதல."

"அப்ப தாளை எடுத்தது யாரு?" விஜியின் பார்வை தனக்கோடி மேல் போனது. அவர் பதறிப்போய்க் கையை விரித்தார்.

"இருபத்துநாலு இருக்கிற தாள்லதான் இருபத்தாறும் இருக்கும்," என்றார் கோதண்டராமன். "பாஸ்டர், அன்பைப் பத்திப் பேசினப்போ எதைப் பார்த்துப் படிச்சீங்க?"

சிரிலின் முகம் வெளுத்தது. கையிலிருந்த பைபிளைத் திறந்தார். அன்பைப் பற்றிச் சொல்லும் கொரிந்தியர் நிருபத்துக்கு நடுவில் பழுப்பேறிய ஒரு தாள் மடிந்து கிடந்தது.

"தையல் விட்டுத் தொங்கிச்சு... அவ்வளவு பெரிய புக்கை மேடைக்குத் தூக்க வேணாம்னு எடுத்தேன். திருப்பி வைக்க மறந்தே போச்சு," என்று முனகினார். "மன்னிச்சிடும்மா பெட்டி. கிளாஸை நீங்களே நடத்துங்க."

தன் எதிரிலேயே மன்னிப்புக் கேட்டதில் விஜிக்குப் பரம திருப்தி. பெட்டி மட்டும் அசையவில்லை.

"இங்க அஞ்சு பேர்தான் இருக்கோம் பாஸ்டர். திருடின்னு சொல்லாத குறையா நீங்க பேசினது மைக்ல. மன்னிப்பையும் நாளைக்கு மைக்லயே கேளுங்க."