முப்பதுக்குப் பதில் ஆறு

“அந்தப் பக்கம்தான் போறீங்களா?”

“எந்தப் பக்கம்?”

கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கத்தையும் காட்டாமல் கேட்டுவிட்டோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காது மடல் சூடானது. பஸ் நிறுத்தத்தின் ஓட்டைக் கூரைக்குக் கீழே, கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி நின்ற அவள் சிரிக்கவில்லை. ஆனால் உதட்டோரம் என்னவோ லேசாக அசைந்தது… அதுவே போதுமென்று இருந்தது அவனுக்கு.

அவன் முதலில் பார்த்தது அவள் கண்களைத்தான். தூங்கிப் பல நாளான கண்கள். மழைத் தண்ணீர் இமையில் வந்து நின்றும் சிமிட்ட மறந்த கண்கள். அழகான பெண்களை அவன் பார்த்ததில்லையா என்ன? ஆனால் இப்படி ஒருத்தியைப் பார்த்ததும், ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்கத் தோன்றியது இதுதான் முதல் தடவை.

எதிரே தெரிந்த கட்டடத்தைக் கைகாட்டினாள். அவன் வேலை பார்க்கும் கட்டடம்! இருவரும் நடந்தார்கள். குடை அவள் பக்கமே சாய்ந்திருந்ததில் அவன் இடது தோள் முழுக்க நனைந்து போனது. பெரிய மழை என்றான். போன வாரம் பெய்தது இதைவிடப் பெரிசு என்றாள். பேரைக் கேட்கலாமா என்று அவன் தைரியத்தைத் திரட்டி முடிப்பதற்குள் வாசல் வந்துவிட்டது. காவலாளி வணக்கம் வைத்துவிட்டு இருவரையும் ஒரு மாதிரி பார்த்தார். அவன் குடையை மடக்குவதற்குள் அவள் படியேறிப் போய்விட்டாள்.

சரி, இந்தக் கட்டடத்தில்தானே இருக்கிறாள், மறுபடி பார்க்காமலா போய்விடுவோம் என்று தேற்றிக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனான். அங்கே, அவன் மேஜைக்கு முன்னாலேயே அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“இங்க ஃபார்முலாங்கிறது யாரு?”

அது அவனுக்கு ஆபீஸ் வைத்த பட்டப்பெயர். வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் அந்த நிறுவனத்தில் எத்தனை நர்ஸ், எந்த வீட்டில் எவ்வளவு நேரம் என்ற எல்லாக் கணக்கும் அவன் கம்ப்யூட்டரில்தான். முன்பெல்லாம் மூன்று பேர் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்ட வேலை. தானே கூட்டிக் கழிக்கும் ஒரு ஷீட்டை அவன் கம்ப்யூட்டரில் போட்டான். வீட்டுக்குள் நுழையும்போது நர்ஸ் போனில் ஒரு தட்டு, வெளியே வரும்போது ஒரு தட்டு. இரண்டையும் கழித்து, மணியைத் தனியாக, நிமிடத்தைத் தனியாகப் பிரித்து அழகாக எழுதிவிடும். தேதியைக்கூட மறைத்திருந்தான், பார்ப்பவர்களுக்குக் குழப்பமாக இருக்கக்கூடாதே என்று. அந்த வாரம்தான் மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவனைத் தட்டிக்கொடுத்து, மற்றக் கிளைகளுக்கும் இதே ஷீட்தான் என்று அறிவித்திருந்தார்.

“நான்தான்” என்றான். குரலில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது, பாவம்.

அவள் ஒரு தாளை மேஜையில் வைத்தாள். ஒரு வயதான அம்மாவை நர்ஸாக அவள் கவனித்துக்கொண்ட நேரக் கணக்கு. நோயாளியின் மகளுக்கு நிறுவனம் அனுப்பியது. கடைசி வரியில் அவள் விரல் நின்றது. நுழைந்தது காலை எட்டு. வெளியேறியது மதியம் இரண்டு. மொத்தம் ஆறு மணி நேரம்.

“நான் ஆறு மணி நேரம் இருக்கலை. அன்னிக்கு முழுக்க இருந்தேன். ராத்திரி இருந்தேன். மறுநாள் ரெண்டு மணிக்குத்தான் வெளிய வந்தேன்.”

புயல் நாள் அது. அவளை மாற்றிவிட வர வேண்டிய நர்ஸ் வரவில்லை. போனில் சிக்னல் செத்துப் போயிருந்தது. மறுநாள் உச்சி வேளையில் அந்த அம்மாவின் மூச்சு நின்றது. மகள் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இப்போது அந்த மகள் இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அன்னிக்கே மதியம் ரெண்டு மணிக்கு நீ கிளம்பிப் போயிட்டே… அப்ப ராத்திரி பூரா எங்கம்மா தனியா கிடந்தாங்களா?

இதையெல்லாம் குரல் உயர்த்தாமல்தான் சொன்னாள். அவன் தாளைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். இரண்டிலும் ஆறுதான். நனைந்த தோள் ஜில்லென்று இருந்தது. இவளை நம்பினால் ஷீட்டை நம்ப முடியாது… ஷீட் அவன் பிள்ளை மாதிரி.

“ஃபார்முலா தப்பா காட்டாதுங்க” என்றான். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. “நடுவுல எங்கயாவது வெளிய… கொஞ்ச நேரம்…?”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். குடைக்குள் பார்த்த அதே கண்கள். அதில் இப்போது அவன் இல்லை.

“போகலைன்னு யாரை சாட்சிக்குக் கூப்பிடச் சொல்றீங்க? இருந்த ஒருத்தங்களும் போயிட்டாங்க.”

தாளை எடுக்காமலே போய்விட்டாள்.

மதியம் வரை அவனுக்கு வேலை ஓடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் எழுந்து போனதும், மறைத்த தேதியை வெளியே கொண்டுவந்தான். நுழைந்த தேதி ஒன்று. வெளியேறிய தேதி அதற்கு அடுத்தது. இரண்டையும் கழித்த கட்டத்தை வெறும் எண்ணாக மாற்றிப் பார்த்தான். ஒன்றேகால் என்று வந்தது.

ஷீட்டுக்கு ஒரு முழு நாள் என்றால் ஒன்று. அப்படியென்றால் ஒரு நாளும் கால் நாளும். மணியைப் பிரித்தெடுக்க அவன் போட்டிருந்த ஹவர் என்ற ஃபங்ஷனோ, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லும் ஆள் மாதிரி. காலண்டர் பக்கம் திரும்பவே திரும்பாது. அந்த ஒன்றை விட்டுவிட்டு, கால் நாளை மட்டும் எடுத்து ஆறு என்று சொல்லியிருக்கிறது. மற்ற நர்ஸ்கள் எல்லோரும் பகலிலோ இரவிலோ சில மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறவர்கள். இருபத்து நான்கு மணி நேரத்தைத் தாண்டி எவரும் உட்கார்ந்ததில்லை. அதனால் இத்தனை நாளும் தப்பு வெளியே தெரியவில்லை. ஒன்றேகாலை இருபத்து நான்கால் பெருக்கினான். முப்பது.

ஒருத்தி கண் மூடாமல் உட்கார்ந்திருந்த ஒரு முழு நாளை அவன் துடைத்துப் போட்டிருக்கிறான்.

அப்போதே எழுந்து மேனேஜர் அறைக்குப் போயிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே… தட்டிக்கொடுத்த தோளில் ஈரம்கூடக் காயவில்லை. சத்தமில்லாமல் ஃபார்முலாவை மாற்றினான். முப்பது என்று வந்த புதிய தாளை, ‘திருத்தப்பட்டது’ என்ற ஒற்றை வார்த்தையோடு மகளுக்கு அனுப்பினான். வேலை முடிந்தது என்று நினைத்தான்.

அடுத்த நாளே மகளின் போன் வந்தது. நேற்று ஆறு, நான் கேள்வி கேட்டதும் முப்பதா? உங்க நர்ஸைக் காப்பாத்த கணக்கையே மாத்திட்டீங்களா? மேனேஜர் அவனை உள்ளே கூப்பிட்டார். கோபமாகக்கூட இல்லை, அதுதான் கொடுமை. கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தார்.

“ஒரே குடையில வந்தீங்களாமே… வாட்ச்மேன் சொன்னாரு. அதுக்காக இப்படியாப்பா?”

அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தாயிற்று என்றும் சொன்னார். அவன் உண்மையைச் சொல்லாமலே எழுந்தான். வெளியே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தபோது தன்னையே அவனுக்குப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்து சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான். ஆபீஸ்ல ஏதாவது வம்பா என்று அம்மா கேட்டாள். இல்லை என்றான். பொண்ணா என்றாள். அம்மாக்களுக்கு மட்டும் இது எப்படித்தான் தெரியுமோ! அவன் பேச்சை மாற்றப் பார்த்தான், மாற்ற வரவில்லை.

“அம்மா… நான் பக்கத்துல இல்லாதப்ப உனக்கு ஏதாவது ஆயிட்டா?”

“ஆனா ஆகட்டும், எல்லாருக்கும் ஆறதுதானே.” அம்மா தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தினாள். “பக்கத்துல யாராவது ஒருத்தங்க இருந்தா போதும்பா. யாருமே இல்லாம மட்டும் வேணாம்.”

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான்.

காலையில் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் முகம் போன போக்கைப் பார்க்க அவன் நிற்கவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அந்த மகள் தங்கியிருந்த அவள் அம்மாவின் வீட்டுக்குக் கிளம்பினான். போகும் வழியில் அந்த நர்ஸ் பெண்ணுக்கு போன் செய்தான். தப்பு என்னுடையது, அந்த வீட்டில் வைத்துச் சொல்லப் போகிறேன், முடிந்தால் வாங்க என்றான். அவள் போனை வைத்துவிட்டாள். ஆனால் அவன் போனபோது அவள் கேட்டருகே நின்றிருந்தாள்.

“உங்களுக்காக வரலை. போயிட்ட அந்தப் பெரியம்மாவுக்காக வந்தேன்” என்றாள்.

சரி என்று தலையாட்டினான். வேறென்ன செய்வான்?

உள்ளே கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். ஜன்னல் மேடையில் மருந்து பாட்டில்கள் இன்னும் வரிசையாக நின்றன. மகளுக்கு நடுத்தர வயது. உட்காருங்கள் என்று சொல்லவில்லை. அவன் நின்றபடியே லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் திறந்து, தான் செய்த தப்பைச் சொன்னான். அதை மறைத்து அடுத்த தப்பைச் செய்ததையும் சொன்னான்.

மகள் கேட்டுக்கொண்டாள். முகம் இளகவில்லை. “இதையும் யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாமே” என்றாள்.

அவன் லேப்டாப்பை மகள் பக்கம் திருப்பினான்.

“நான் போட்டுக் காட்டினா நம்ப மாட்டீங்க. நீங்களே போடுங்க, மேடம். நீங்க அங்க வீட்டை விட்டுக் கிளம்பின நேரம்… இங்க வந்து சேர்ந்த நேரம். தேதியோட.”

மகள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு உட்கார்ந்தாள். கிளம்பிய நேரத்தை இந்த ஊர் மணிக்கு மாற்றி, ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள். அந்தப் பயணத்தின் ஒவ்வொரு நிமிடமும் அவளுக்கு மனப்பாடமாக இருந்திருக்க வேண்டும். அவன் பழைய ஃபார்முலாவைப் பக்கத்துக் கட்டத்தில் போட்டான்.

மூன்று மணி நேரம் என்று வந்தது.

“மூணா?” மகளின் குரல் உடைந்தது. “ஒரு நாளுக்கு மேல வந்தேன்… ஏர்போர்ட் ஏர்போர்ட்டா உட்கார்ந்து… அம்மா அம்மான்னு… மூணுங்குது?”

அவன் பெருக்கிக் காட்டினான். இருபத்தேழு. மகள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் திரும்பி, கதவோரம் நின்றவளைப் பார்த்தாள்.

“அப்ப நீ… ராத்திரி பூரா இருந்தியாம்மா?”

“இருந்தேங்க்கா.”

“அம்மா ஏதாவது கேட்டாங்களா?”

அவள் சுருட்டி வைத்த மெத்தையைப் பார்த்தாள்.

“உங்க பேரைத்தான் சொல்லிக் கூப்பிட்டாங்க. நான் நீங்கன்னு நினைச்சுட்டாங்க. இல்லைன்னு சொல்ல எனக்கு மனசு வரலை… கூப்பிடுறப்பெல்லாம், ‘இங்கதான் இருக்கேம்மா’ன்னு சொன்னேன். கையை விடவே இல்லை. அதனாலதான் நான் எந்திரிச்சு எங்கயும் போகலை.” குரல் தணிந்தது. “உங்க பேர்ல பதில் சொன்னதுக்கு மன்னிச்சிருங்கக்கா.”

மகள் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். அம்மா பிடித்திருந்த கை. அதைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். அவன் மருந்து பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் கண்ணீர் கண்ணை மறைத்தது.

வெளியே வந்தபோது மறுபடி தூறல். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். குடையை விரித்தான், நெருங்கி நிற்கப் பயந்து கையை மட்டும் நீட்டிப் பிடித்தான். இப்போது முழுவதுமாக நனைந்தான்.

வேலைக்குத் திரும்ப வரச் சொல்லி மேனேஜர் போன் பண்ணுவார் என்றான். இனி போக மாட்டேன் என்றாள். யார் கட்டில் பக்கத்திலும் உட்கார முடியும் என்று தோன்றவில்லையாம்.

“எம்மேல கோவம் போகாதுன்னு தெரியும்” என்றான். “ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அன்னிக்குக் குடைக்குள்ளயே எனக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சு. நர்ஸுங்களைக் கூப்பிடற மாதிரி சிஸ்டர்னு கூப்பிட நாக்கு வரலை. அப்புறம் மேஜை முன்னாடி நின்னு நீங்க சொன்னது நிஜம்னு மனசுக்குத் தெரிஞ்சுது… தெரிஞ்சும் நம்பலை. அதுதான் தாங்கலை.”

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஒன்று வந்து நின்றது. ஏறவில்லை. அது கிளம்பிப் போனது.

“எனக்கு பயமா இருந்துச்சு” என்றாள் திடீரென்று. “அந்த ராத்திரி. யார்கிட்டயும் சொல்லலை. கரண்ட் இல்லை, போன் இல்லை… அவங்க மூச்சையே கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அவங்க பக்கத்துல நான் இருக்கேன், எம் பக்கத்துல யாரு இருக்கான்னு தோணுச்சு. யாராவது கதவைத் தட்ட மாட்டாங்களான்னு… விடியற வரைக்கும் பார்த்தேன்.”

இத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது. பேச்சுக்கு நடுவே வந்து பேச்சை நிறுத்தியது.

“இன்னொரு தடவை அப்படி ஒரு ராத்திரி வந்தா…” முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “நீங்க வருவீங்களா?”

“வருவேன்.”

“மழை பெய்ஞ்சா?”

“நடந்தாவது வருவேன்.”

அவள் ஒரு அடி நகர்ந்து குடைக்குள் வந்தாள். அவன் தோள் நனைவதைப் பார்த்து, குடையின் காம்பைப் பிடித்து அவன் பக்கம் சாய்த்தாள். அழுகை நிற்கவில்லை. அவன் நிறுத்தச் சொல்லவுமில்லை, அது முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றான்.