பின்கதவுக் கம்பி

பிளாஸ்டிக் மூடியின் உட்புறத்தில் ஒரு கோடு இருந்தது. தலைமுடி அளவுதான். துணியால் துடைத்தும் போகவில்லை, நகத்தால் சுரண்டியும் போகவில்லை.

"ஹாப்பர்ல தூசி விழுந்திருக்கும்க்கா," என்றாள், பக்கத்து மேசையில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த தங்கை.

இருக்கலாம் என்றுதான் அக்காவும் நினைத்தாள். மேலே ஹாப்பர் என்கிற புனலில் கொட்டிய வெள்ளைப் பிளாஸ்டிக் குருணை மெஷினின் பீப்பாய்க்குள் இறங்கும். உள்ளே சுழலும் ஸ்க்ரூ அதைச் சூட்டில் பிசைந்து கூழாக்கி முன்னே தள்ளும். கூழ் மூடிய அச்சுக்குள் பாய்ந்து, இறுகி, அச்சு இரண்டாகப் பிரியும்போது ஊசிகள் நீண்டு மூடியை வெளியே தள்ளும். அந்த மெஷின் முக்குகிற இடம், பெருமூச்சு விடுகிற இடம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இன்று ஸ்க்ரூ திரும்பும்போது நடுவில் புதிதாக ஒரு சத்தம். யாரோ விரலில் நெட்டி முறிப்பது போல.

கதவைத் திறந்தால் மெஷின் நிற்க வேண்டும். அதற்கென்று முன்கதவிலும் பின்கதவிலும் ஒவ்வொரு சுவிட்ச் உண்டு. ஒவ்வொரு மூடிக்கும் கதவைத் திறந்து மூடினால் வேலை எங்கே ஓடும்? சூப்பர்வைசரின் வாய்க்குப் பயந்து, கதவு திறந்திருந்தாலும் மெஷின் ஓடும்படி இரண்டு சுவிட்சையும் அமுக்கிக் கம்பியால் கட்டி வைத்தவள் அக்காதான். மூடி அச்சில் ஒட்டிக்கொண்டால், பின்பக்கமாகக் கையை விட்டுப் பெயர்த்தெடுப்பது தங்கை. யாரும் சொல்லவே வேண்டாம், ஓடுவாள்.

அடுத்த மூடியில் கோடுகள் வளைந்து வளைந்து இருந்தன. ரேகை. அதற்கடுத்ததில் முழு விரல். அதன் குறுக்கே ஒரு தழும்பு.

அக்கா மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அது அவளுக்குத் தெரிந்த தழும்பு. பென்சில் சீவப்போய்த் தங்கை பிளேடால் அறுத்துக்கொண்ட நாளில், பெரியவர்கள் யாரும் வீட்டில் இல்லாமல், ரத்தம் நிற்கும்வரை அக்காதான் அந்த விரலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கையக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுடி!"

கை முழுசாகத்தான் இருந்தது.

"நீ வீட்டுக்குக் கிளம்பு."

"ஷிப்ட் முடியலையே. என்னாச்சு உனக்கு? பேயறைஞ்ச மாதிரி நிக்கிற."

"சொன்னா கேளு. இந்த மெஷின் பக்கமே இனி வராத."

தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பையை எடுத்தாள். வாசலுக்கு மெஷினின் பின்பக்கமாகத்தான் போக வேண்டும். அவள் தலை மறைந்த பிறகுதான் அக்காவுக்கு மூச்சே வந்தது.

அடுத்த மூடி விழுந்தது. ஐந்து விரலும் விரிந்த முழுக் கை. நகம் பொசுங்குகிற நாற்றம். அதற்கடுத்தது விழவேயில்லை, அச்சிலேயே ஒட்டிக்கொண்டது.

அக்கா குறடை எடுத்து, திறந்து கிடந்த முன்கதவின் சுவிட்சில் இருந்த கம்பியை வெட்டினாள். மெஷின் நின்றது. ஷெட்டே நிசப்தமானது.

இனி யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஒட்டிய மூடி நசுங்கி அச்சு கெட்டாலும் கெடட்டும். அச்சின் அந்த வாயைப் பார்க்கச் சகிக்காமல் கதவை இழுத்து அறைந்து மூடினாள். கதவு மூடியதும் மெஷின் தன் வேலையைத் தொடங்கியது.

"ஒட்டிக்கிச்சாக்கா? சத்தமே நின்னுபோச்சே. இரு, நானே எடுத்துடறேன்."

முன்கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், திறந்து கிடந்த பின்கதவு வழியே, ஒரு கை.

தழும்பு.

பின்கதவில் கம்பி கட்டியபடியே இருந்தது.

அக்கா மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். நிற்கவில்லை. மறுபடி அமுக்கினாள். அச்சு மூடியது. ஸ்க்ரூ திரும்பியது.

நெட்டி முறிந்தது.

அச்சு பிரிந்தது. ஊசிகள் நீண்டன. மூடி விழுந்தது. பின்பக்கம் யாரும் இல்லை. தரையில் பை மட்டும்.

தட்டில் கிடந்த பழைய மூடிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்றிலும் கோடு இல்லை, ரேகை இல்லை, எல்லாம் வழுவழுவென்று இருந்தன. கடைசியாக விழுந்ததில் மட்டும் அந்தக் கை.

அதை எடுத்துத் தழும்பின் மேல் விரலை வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூடி ஆறவேயில்லை.