நகராத புள்ளி

மழைக்கு ஒதுங்க இடம் தேடியவள், கண்ணில் பட்ட முதல் கதவைத் திறந்தாள். அவ்வளவுதான்.

"ஐயோ... போச்சு!"

உள்ளே ஒரே இருட்டு. பலகைச் சுவரில் ஒரு சின்னச் சந்து, அதன் முன்னால் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் கையில் கயிற்றோடு ஒருவன். வெளியே புல்வெளியில் விரித்திருந்த வலையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த பருந்து, கதவுச் சத்தத்தில் மிரண்டு மலைப்பக்கம் பறந்துவிட்டது.

"காலையிலேர்ந்து மூச்சுகூட சத்தமா விடாம உக்காந்திருக்கேன்... யாருங்க நீங்க?"

"மழைங்க. தெரியாம வந்துட்டேன். ஆள் இருக்குன்னு வெளியில ஒரு போர்டு வைக்கக் கூடாதா?"

"போர்டு வச்சா பருந்தும் படிச்சிடுமே!"

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். முடியவில்லை. அவன் கோபமாகத் திரும்பினான்... திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். நனைந்த இமைகளுக்குக் கீழே, சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்கும் இரண்டு பெரிய கண்கள். அவளும் பார்த்தாள். திட்டுகிற வாய்க்கும் அந்தக் கண்களுக்கும் சம்பந்தமே இல்லையே... இவ்வளவு சாதுவான கண்களை வைத்துக்கொண்டு இந்த ஆள் யாரை மிரட்ட முடியும்?

மழை விடுவதாக இல்லை. வேறு வழியில்லாமல் அவன் பேச ஆரம்பித்தான். இது பறவை ஆய்வு நிலையம். பருந்துகளை வலையில் பிடித்து, அளந்து, காலில் வளையம் போட்டு, சிலவற்றின் முதுகில் குட்டியாக ஒரு டிராக்கர் கட்டி விடுவார்கள். அது போகிற இடமெல்லாம் கம்ப்யூட்டரில் புள்ளியாக விழும். வேலை செய்பவர்கள் எல்லாரும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். அவனே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். லீவு நாளில் மட்டும் பருந்துக்காரன்.

"நான் பல் டாக்டர்," என்றாள் அவள்.

"பருந்துக்குப் பல்லு இல்லைங்க. இங்க உங்களுக்கு வேலை இல்ல."

இல்லை என்று சொன்ன இடத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து நின்றாள். அதற்கடுத்த ஞாயிறும். வீட்டில் அண்ணி, "அப்படி என்னதான்டி இருக்கு அங்க?" என்று கேட்டபோது, "பருந்து அண்ணி... பருந்து," என்றாள். அண்ணி நம்பியதாகத் தெரியவில்லை.

நிலையத்தை நடத்தும் பெரியக்காவுக்கு அவளை உடனே பிடித்துப்போனது. பல்லுக்குள் ஊசி நுழைத்துப் பழகிய விரல்களாயிற்றே... டிராக்கரின் வாரைப் பருந்தின் மார்பில் கோத்து முடிச்சுப் போடும் வேலையை அவளிடமே கொடுத்தாள்.

அவளுடைய முதல் பறவை, பழுப்பு நிறத்தில் ஒரு பருந்து. அவன் அதை லாவகமாகப் பிடித்து எடை போட்டான், இறக்கையை அளந்தான்.

"ஆண்," என்றான்.

"பொண்ணு மாதிரி இருக்கே?"

"எதை வச்சு சொல்றீங்க?"

"கண்ணைப் பாத்தா தெரியுது."

"டாக்டரம்மா, இதுல ஆணும் பொண்ணும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். பொண்ணு கொஞ்சம் பெருசு. இது எடை கம்மி, அதனால ஆண். கண்ணை வச்செல்லாம் எழுத முடியாது."

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தக் கடுப்பிலேயே வாரைக் கட்டினாள். "இன்னும் கொஞ்சம் தளர்வா விடுங்க. இறுக்கினா இரை தேட முடியாம போயிடும்," என்றான் அவன். "என் வேலை எனக்குத் தெரியும், வாத்தியாரே," என்றாள். விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. அவள் பார்த்துத்தான் முடிச்சுப் போட்டாள்.

பருந்து பறந்தது. புள்ளிகள் மலையைச் சுற்றிச் சுற்றி விழுந்தன. அவள் கிளினிக்கில் நோயாளி வாய் கொப்பளிக்கிற நேரத்தில்கூட போனை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஒருநாள் புள்ளி நகரவில்லை. மறுநாளும் அதே இடம். அதற்கு மறுநாளும்...

ஞாயிற்றுக்கிழமை நிலையத்தில் யாரும் டீயைக்கூடத் தொடவில்லை. நகராத புள்ளிக்கு அங்கே ஒரே அர்த்தம்தான். அவள் வெளிறிப்போய் நின்றாள். அந்த நேரம் பார்த்து அவன் வாயில் சனி வந்து உட்கார்ந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேன்... தளர்வா கட்டுங்கன்னு."

அத்தனை பேர் முன்னால்! பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றாள் பெரியக்கா.

"போறேன்கா. இனிமே ஒரு உசிரை என் கையில குடுக்காதீங்க."

"போறவ போ. ஆனா அதைத் தேடி எடுத்துட்டு வந்து குடுத்துட்டுப் போ. நீயும்தான்யா, வாத்தியாரே. பேசத் தெரிஞ்சுதுல்ல, கூட நட."

காட்டுப் பாதையில் இருவரும் நடந்தார்கள். அவள் முன்னால், அவன் பின்னால். தூறல் வேறு. இரண்டு மூன்று தடவை தொண்டையைக் கனைத்துப் பார்த்தான். அவள் திரும்பவே இல்லை. அவளுக்குள் ஒரே ஒரு நினைப்புதான்... நான்தான் கொன்னுட்டேன். கோபத்தில் இழுத்துக் கட்டிவிட்டேனோ? விரல் நுழைந்ததே... நிஜமாகவே நுழைந்ததா?

போனில் புள்ளி இருந்த இடத்தில் ஓர் உயரமான மரம். அவள் மண்டியிட்டுப் புதரை விலக்கினாள். சருகைக் கிளறினாள். ஓர் இறகுகூட இல்லை. கண்ணீரில் பாதி தெரியவில்லை, துடைத்துக்கொண்டு மறுபடியும் தேடினாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவளோடு சேர்ந்து கிளறினான்.

அப்போதுதான் தலைக்கு மேல் கீச்சென்று ஓர் அலறல். நிமிர்வதற்குள் ஒரு பருந்து பாய்ந்து வந்து அவன் தொப்பியைத் தட்டிவிட்டுப் போனது.

"அம்மாடி!"

"உங்க தலையில ரத்தம் வருதா?"

"இல்ல... தொப்பிதான் போச்சு. இது எதுக்கு நம்மள விரட்டுது?" என்றவன் சட்டென்று நிறுத்தினான். மெல்ல அண்ணாந்து பார்த்தான். பைனாகுலரைக் கண்ணில் வைத்தான்.

"டாக்டர்... மேல பாருங்க. சத்தம் போடாதீங்க."

கிளைக் கவட்டில் பெரிய கூடு. கூட்டின் விளிம்பில் ஒரு பழுப்புத் தலை, இவர்களை முறைத்துக்கொண்டிருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால், முடி போல, டிராக்கரின் மெல்லிய கம்பி!

"உசிரோட இருக்கு..." அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். "உசிரோடதான் இருக்கு!"

"அடை காக்குது. முட்டை மேல உக்காந்திருக்கு, அதான் நகரல. நம்மள விரட்டினது அதோட புருஷன். வாங்க, உடனே தள்ளிப் போயிடலாம். பயந்து எழுந்துட்டா முட்டை குளிர்ந்துடும்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். கூடு மறையும் தூரம் வந்ததும் அவள் ஒரு பாறையில் பொத்தென்று உட்கார்ந்து, தேம்பித் தேம்பி அழுதாள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரமெல்லாம் அந்த அழுகையில் இறங்கிப்போனது. அழுது முடித்து மூக்கை உறிஞ்சியவள், அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆண்... அடை காக்குது. அப்படித்தானே, வாத்தியாரே?"

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"ஆண்னு தப்பா எழுதினது நான்தான். எடை கம்மியா இருந்த பொண்ணு. இதுல அடை காக்கறது பெரும்பாலும் பொண்ணுதான். பொண்ணுன்னு தெரிஞ்சிருந்தா, புள்ளி நின்ன அன்னைக்கே முட்டைன்னு புரிஞ்சிருக்கும். நீங்க கட்டினதுல ஒரு குறையும் இல்ல... என் தப்புக்கு உங்களை அழ வச்சுட்டேன்."

"நானும் குருட்டாம்போக்குலதான் பொண்ணுன்னு சொன்னேன்."

"இருந்தாலும் அத்தனை பேர் முன்னால அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதே அத்தனை பேர் முன்னால மன்னிப்பு கேக்கறேன்."

அவள் பெரியக்காவுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் கூச்சலும் கைத்தட்டலும் காதைப் பிளந்தன. "அந்த வாத்தியானைக் கூட்டிட்டு வா, அவனுக்கு இருக்கு!" என்றாள் பெரியக்கா.

அவள் போனை வைத்தாள். தூறல் நின்று இலைகள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன.

"நிஜமாவே போறதாத்தான் இருந்தீங்களா?" என்றான் அவன்.

"ஆமா. அது செத்திருந்தா, இந்தப் பக்கம் திரும்பியே பாத்திருக்க மாட்டேன்."

"பருந்து போச்சேன்னு கஷ்டமாத்தான் இருந்துது, பொய் சொல்லல. ஆனா நீங்க பையை எடுத்து மாட்டினீங்க பாருங்க... எனக்கு அதுதான் தாங்கல." அவன் கண்கள் தரையில் கிடந்தன. "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு... ரொம்ப. எப்பலேர்ந்துன்னு கேட்டா சொல்லத் தெரியல."

அவள் கன்னம் சூடாகிவிட்டது. இருந்தும் வாய் சும்மா இருக்குமா?

"இதைச் சொல்றதுக்கு ஒரு பருந்து சாகணும்னு காத்திருந்தீங்களா?"

"அதான் சாகலையே!"

"சாகலை. அதனாலதான்..." ஈரக் கண்களை நேராக அவன் முகத்தில் வைத்துச் சொன்னாள்.

"அதனாலதான் என்னாலயும் சொல்ல முடியுது. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."