ஒரு முழம் எட்டவில்லை

ஐந்தாவது தடவையாக ரிலே பேட்டன் கீழே விழுந்து உருண்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை மைதானத்துக்கு வெளியே வீசியிருப்பேன். விளையாட்டு சார் பார்த்துக்கொண்டிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நீ எதுக்கு அதுக்குள்ள ஓடுற?" என்று கத்தினான் தம்பி.

"நீ எதுக்கு ஆடி அசைஞ்சு வர்ற?" என்று நானும் கத்தினேன்.

தம்பி என்றால் ஏழே நிமிடத் தம்பி. நாங்கள் இரட்டையர். எங்கள் ரிலே அணியில் இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். மூன்றாவதாக ஓடுபவன் அவன். அவனிடம் பேட்டனை வாங்கிக் கடைசியாக ஓடுபவள் நான். போன வருடம் ஒரு தடவைகூடக் கை தவறவில்லை. இப்போது இரண்டு வாரமாக அவன் கைக்கும் என் கைக்கும் நடுவில் ஒரு முழம் எட்டவே மாட்டேன் என்கிறது!

சார் விசிலைக் கையில் சுற்றிக்கொண்டே வந்தார். "வெள்ளிக்கிழமை போட்டி. நாளைக்கும் விழுந்துச்சுன்னா தம்பிக்குப் பதிலா நெட்டையன் ஓடுவான்."

நெட்டையன் பக்கத்து வகுப்புப் பையன். பெயருக்கேற்ற உயரம். தம்பியின் முகம் சுருங்கிப்போனது. அவனுக்கு ஓட்டம்தான் உயிர்.

எல்லாம் இந்த உயரத்தால் வந்த வினை. போன வருடம் நாங்கள் இருவரும் ஒரே உயரம். பதின்மூன்று வயது ஆனதும் ஆனது, நான் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகிறேன். யார் கேட்டார்கள்? முட்டி வலிக்கிறது. மேசையில் இடித்துக்கொள்கிறேன். என் போன வருட ஷூ எனக்குப் பத்தாமல் போய், இப்போது தம்பியின் காலில் இருக்கிறது. அதைப் பார்த்து வகுப்பே சிரிக்கிறது.

சாயங்காலம் அம்மாவிடம் புலம்பினோம். அம்மா மருத்துவமனையில் நர்ஸ்.

"பொண்ணுங்க முதல்ல வளருவாங்கடா. பசங்களுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு வரும்" என்றார்.

"ரெண்டு வருஷமா? போட்டி வெள்ளிக்கிழமைம்மா!" என்று தம்பி அலறினான்.

பிறகு அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். "நீ நெட்டையனோடவே ஓடு. நான் வரல."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "வாயை மூடு. நாளைக்கு வர்ற, அவ்வளவுதான்."

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் மைதானத்துக்குப் போனோம். பேட்டன் வாங்குபவள் நின்றுகொண்டு வாங்கக் கூடாது. ஓடிக்கொண்டே கையைப் பின்னால் நீட்ட வேண்டும். எப்போது ஓட ஆரம்பிப்பது? அதற்குத்தான் ஒரு கோடு. நான் நிற்கும் இடத்திலிருந்து தம்பி வரும் பக்கமாக, பாதத்தோடு பாதம் ஒட்டி வைத்து இருபத்திரண்டு பாதம் எண்ணிக் கோடு போடுவேன். அவன் அந்தக் கோட்டை மிதித்ததும் நான் பறக்க வேண்டும். போன வருடத்திலிருந்து இதுதான் எங்கள் கணக்கு.

எண்ணி முடித்துக் கோடு போட்டேன்.

"தப்பா எண்ணிட்ட" என்றான் தம்பி.

"எனக்கு எண்ணத் தெரியாதா? நீயே எண்ணிப் பாரு, போ!"

எண்ணினான். அவனுடைய இருபத்திரண்டு, என் கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே முடிந்துவிட்டது.

"பாத்தியா! நான்தான் சொன்னேனே!"

நான் மறுபடி எண்ணினேன். என் கோட்டில்தான் வந்து நின்றேன். அவன் மறுபடி எண்ணினான். அதே ஒரு முழம் குறைந்தது. சண்டை பிடிக்க வாயைத் திறந்தவள் அப்படியே நின்றேன். எங்கள் கால்களைப் பார்த்தேன்.

"டேய், காலைப் பக்கத்துல வை."

என் புது ஷூ அவன் போட்டிருந்த என் பழைய ஷூவைவிட ஒரு விரல் அகலம் நீளம். இருபத்திரண்டு பாதத்துக்கு இருபத்திரண்டு விரல் அகலம். அதுதான் அந்த ஒரு முழம்! போன வருடம் நான் எண்ணியது இந்தப் பழைய ஷூவில்தானே.

அவன் மெதுவாக ஓடவில்லை. நானும் தப்பாக எண்ணவில்லை. கோடு தள்ளிப் போனதால் ஒவ்வொரு தடவையும் முன்னாலேயே கிளம்பியிருக்கிறேன்.

"ரெண்டு வாரமா என்னை ஆடி அசைஞ்சு வர்றேன்னு திட்டின!"

"நீ மட்டும் என்னைக் கொஞ்சினியா?" என்றேன். என் கோட்டைக் காலால் அழித்தேன். "இனிமே உன் கால்தான் அளவு. நீயே கோடு போடு."

சார் வந்தார். நெட்டையன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான்.

சார் விசில் ஊதினார். முதல் ஆள், இரண்டாவது ஆள், பிறகு தம்பி. வளைவில் தலை தெறிக்க ஓடி வந்தான். கோட்டை மிதித்தான். நான் கிளம்பினேன். கையைப் பின்னால் நீட்டினேன்.

பளார்!

பேட்டன் என் உள்ளங்கையில் இருந்தது. ஒரே ஓட்டம்!

நான் முடித்ததும் சார் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நெட்டையனின் தோளைத் தட்டி, "நீ கிளம்புப்பா. இவனே ஓடட்டும்" என்றார்.

தம்பி மூச்சு வாங்க ஓடி வந்தான். நான் சிவந்துபோன உள்ளங்கையை அவனிடம் காட்டினேன். "எதுக்குடா இப்படி அடிச்ச? எரியுது!"

"எட்டிடுச்சா... அதான்" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இன்னும் ஒரு தடவை ஓடலாமா?"

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. இவனோடு மனுஷி குப்பை கொட்ட முடியுமா? முனகிக்கொண்டே போய் என் இடத்தில் நின்றேன்.

"சீக்கிரம் வந்து தொலை!" என்று கத்தினேன்.