மயிரிழைப் பிளவு

தொட்டித் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டிருந்தது.

ரமணி மீட்டரைத் தட்டிப் பார்த்தாள். பத்தைத் தாண்டக் கூடாத எண் முப்பதைக் காட்டியது. உப்பை உறிஞ்சும் ரெசினைக் காலையில்தான் மாற்றியிருந்தாள்.

வெளியே காப்பார் சாலையில் பிற்பகல் மழை தகரக் கூரையை அடித்து நொறுக்க, சனிக்கிழமை அரைநாள் முடிந்து எல்லோரும் போய்விட்ட பட்டறையில் வயர்கட் இயந்திரம் மட்டும் ஓடியது. ஒரு அடி கனமுள்ள இரும்புக் கட்டியை, முடி மாதிரி மெலிந்த பித்தளைக் கம்பி தொடாமலே, தண்ணீருக்கடியில் நீலப் பொறிகளால் கடித்துக் கரைத்து முன்னேறிய அந்தச் சீறலோடு, வழக்கமான துரு வாடைக்கு மேல், இன்று புதிதாக ஒரு மீன் பாசாரின் கவிச்சி நெடி.

"இன்னும் எவ்ளோ நேரம்?" ஸ்டூலில் உட்கார்ந்து தே தாரிக் பால் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்த அவள் கணவன் சிவநேசன் கேட்டான். கட்டியை லோரியில் கொண்டுவந்ததே அவன்தான்.

"பாதி தாண்டிடுச்சு. என்னங்க, இது எங்க உள்ளது?"

"தகடு அடிக்கிற பழைய டை அச்சு லா. நீ போலீஸ்ல சேந்திருக்கலாம். கேள்விக்கு மேல கேள்வி."

ரமணி தொட்டியின் வடிகுழாய்த் தண்ணீரில் விரலை நீட்டினாள். வெதுவெதுப்பு. விரலை நாக்கில் வைத்தாள்.

உப்பு. ரத்தத்தின் உப்பு.

"லோகன் மேல எறங்குன டைதானே இது?"

சிவநேசன் தே தாரிக்கைத் தரையில் வைத்தான்.

சிவநேசன் சூப்பர்வைசராக இருக்கும் ஸ்டாம்பிங் ஆலையில், போன வாரம் பிரஸ் இயந்திரம் லோகன் என்ற தொழிலாளியின் மேல் இறங்கியது. சாவு வீட்டில் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"கை உள்ள இருந்தா பிரஸ்ஸ நிறுத்துற சேஃப்டி சுவிட்ச் இந்த டையோட ஓரத்துல இருந்துச்சு. வேலை லேட்டாகுதுன்னு நாந்தான் கழட்டி, ஓட்டைய வெல்டு வெச்சு அடைச்சேன். திங்கக்கெழம இன்ஸ்பெக்ஷன். அந்த ஓரத்த அறுத்துத் தூக்கிப் போட்டாத்தான் நான் வெளிய இருப்பேன். இல்ல, ஜெயில்ல வந்து எனக்குச் சோறு குடுப்பியா?"

ரமணியின் கை இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் வரை போனது. அதன்மேல் நின்றது.

அழுத்தவில்லை.

அப்போது கட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம். தொம். சற்று இடைவெளி. தொம். பிரஸ் இறங்கும் தாளம்.

கம்பி நகர மறுத்தது. கம்பி அறுத்திருந்த, காகிதம் மட்டுமே நுழையக்கூடிய பிளவில் ஏதோ வெளிறி நீட்டிக்கொண்டிருந்தது, ஊறிய வெங்காயத் தோல் போல.

"குப்பை சிக்கிருக்கு." சிவநேசன் எழுந்தான்.

"கரண்ட் இருக்கு. நிறுத்திட்டுக் கை வைங்க."

"நிறுத்துனா மறுபடி மொதல்லேருந்தா? சும்மா இரு லா."

தொட்டிக் கதவு திறந்தால் இயந்திரத்தை நிறுத்தும் சுவிட்சில் டேப்பைச் சுற்றி ஒட்டினான். கதவைத் திறந்தான். இயந்திரம் நிற்கவில்லை. கம்பியில் படாமல் தள்ளிக் கையைத் தண்ணீருக்குள் விட்டு, தோலை இரு விரலால் பிடித்து இழுத்தான்.

தோலின் நுனியில் நகம் இருந்தது.

அது திருப்பிப் பிடித்தது.

"ரமணி—"

விரல்கள் பிளவுக்குள் போயின. முருங்கைக்காய் முறிவதுபோல் எலும்புகள். பிறகு மணிக்கட்டு. தண்ணீர் சிவந்தது. அவன் அலறல் மழையைத் தாண்டியது.

ரமணி பொத்தானை அறைந்தாள்.

பொறி அணைந்தது. சீறல் செத்தது.

இழுப்பு நிற்கவில்லை.

அவன் இடுப்பைக் கட்டிப் பின்னால் சாய்ந்தாள். ஒரு அங்குலம்கூட வரவில்லை. முழங்கை. தட்டையாகி. உள்ளே.

"கைய அறு! மெஷின போடு! கைய அறுத்துடு, ரமணி!"

உலோகத்தைத் தவிர வேறு எதையும் அறுக்கத் தெரியாத கம்பி.

தோள் இரும்பில் மோதியது. கன்னம் ஒட்டியது. ஒரு கண் மட்டும் அவளைப் பார்த்தது.

தொம்.

கட்டியின் மேல்முகத்தில், மயிரிழைப் பிளவு வழியே, ஒரு கை எழும்பியது. காகிதக் கனம். அதில் சிவநேசனின் கல்யாண மோதிரம், தகடாகிப்போய். அதன் விரல்களுக்கிடையே கோத்திருந்தது அவனை இழுத்த இன்னொரு காகிதக் கை. இரண்டும் அசைந்தன. தண்ணீர் சொட்ட, ரமணி நிற்கும் பக்கமாக மெல்ல மடிந்து, மூன்றாவதாக ஒரு கையைத் தேடின.