ரேவன்கில் வம்சத்தின் வேர்

முதல் மகாயுத்தம் முடிந்து எத்தனையாவது ஆண்டு அது என்பதில் பெர்ட் அக்ராய்டுக்கு இன்றும் குழப்பம்தான். மழை பெய்தது என்பான். யார்க்‌ஷயரில் எந்நாளும் பெய்யும் மழை ஓர் அடையாளமா? ஆனால் மிஸ் ஹோல்ராய்டின் அறையில் ஐடா ரேவன்கில் வந்து சொன்னது மட்டும் அவனுக்கு மறக்கவில்லை.

பெர்ட் வாடகைக் கார் ஓட்டுபவன். குடும்பப் பெயர்களின் வரலாற்றை ஆராயும் மிஸ் ஹோல்ராய்டுக்குச் சில விவகாரங்களில் கூட்டாளி.

“என் தம்பி எட்கரைக் காப்பாத்துங்க, மிஸ்,” என்றாள் ஐடா. “லயனல்னு ஒருத்தன் வந்து ஒட்டிக்கிட்டான். அவனும் ரேவன்கில்லாம். மலைமேல ரேவன்கில்னு ஊர் இருக்கில்ல, அங்கதான் நம்ம வம்சம், நீங்க கிளை, நான் வேருங்கிறான். தம்பி சாயப்பட்டறையையே அவனுக்கு உயில் எழுதிட்டான். நாளைக்குப் பூர்வீக வீட்டைக் காட்டக் கூட்டிட்டுப் போறானாம். ரெண்டே பேர்.”

“அவன் முன்னோர் அங்க பிரபுக்களா?” என்று கேட்டார் மிஸ் ஹோல்ராய்ட்.

“ஆடு மேய்ச்சவங்களாம். ஆதியிலேர்ந்து அந்த மண்ணை விட்டு ஓர் அடி நகரலைன்னு ஒரே பெருமை.”

மிஸ் ஹோல்ராய்ட் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். “காரை எடு, பெர்ட்,” என்றார்.

ரேவன்கில்லில் சில கல் வீடுகள், ஒரு சிறு தேவாலயம். கல்லறைகளில் எல்லாம் ஆல்டர்சன், மெட்காஃப் என்ற குடும்பப் பெயர்கள். ஒரு ரேவன்கில்கூட இல்லை. மதிலோரம் நின்ற மேய்ப்பரிடம் பெர்ட் விசாரித்தான்.

“இங்க ரேவன்கில் குடும்பம் எது, பெரியவரே?”

“நக்கலா, தம்பி? ஊர்ப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா ஊரே திரும்பிப் பார்க்கும். போன வாரம் ஒரு டவுன்காரன் வந்தான். அவனாவது உருப்படியா, பழைய ஈயச் சுரங்கம் எங்கன்னு கேட்டான்.”

அவர் காட்டிய மேட்டில் ஓர் இடிந்த வீடு. அதன் வாசலை ஒட்டி, குச்சிகளின் மேல் மண்ணோடு பெயர்த்த புல் பரப்பியிருந்தது. முன்பு சுரங்கக் குழியை மூடியிருந்த பலகைகள் சுவருக்குப் பின்னால் கிடந்தன. பெர்ட் புல்லை விலக்கி ஒரு கல்லைப் போட்டான். விழுந்த சத்தம் வர வெகுநேரம் ஆனது.

மாலையில் எட்கரின் வீட்டில் ஐடா உட்பட எல்லோருக்கும் லயனல் இறைச்சியை அறுத்துப் பரிமாறிக்கொண்டிருந்தான்.

“உங்க முன்னோருக்கு ரேவன்கில்னு பேர் வச்சது யாரு?” என்று கேட்டார் மிஸ் ஹோல்ராய்ட்.

“ஊர்க்காரங்கதான்.”

“எதுக்கு? அங்க எல்லாருமே ரேவன்கில்காரங்க. அந்தப் பேரை வச்சு யாரையும் பிரிச்சுக் காட்ட முடியாது. ஊரை விட்டு வெளியே போய்க் குடியேறினவனைத்தான் புது ஊர்க்காரங்க அப்படிக் கூப்பிடுவாங்க. அது பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கும். எட்கருக்கு வந்தது அப்படித்தான். நிலத்தை ஆண்ட பிரபுன்னா கதை வேற. நீங்க மேய்ப்பர் வம்சம், நகரவே இல்லைங்கிறீங்க. அப்போ உங்களுக்கு ஏது அந்தப் பேர்?”

லயனல் சிரித்தான். “பேர்ல ஒரு சந்தேகம். அதுக்குத் தூக்குல போடுவாங்களா, அம்மணி?”

“பேர் பொய்யின்னா பூர்வீக வீடும் பொய். பொய் வீட்டுக்கு எதுக்கு எட்கரைத் தனியாக் கூட்டிட்டுப் போகணும்?”

“வாசல்ல புல் போட்டு மறைச்ச சுரங்கக் குழிக்குத்தான்!” என்றான் பெர்ட். “வழி கேட்டியே, அந்த மேய்ப்பர் வெளியே கார்ல இருக்கார். கூடவே போலீஸும். சீட்டெல்லாம் ஆட்டு வாடை.”

லயனல் கத்தியைத் துடைத்தான். எல்லோரும் அந்தக் கத்தியையே பார்த்தார்கள். பிறகு அதைத் தட்டின் ஓரத்தில் மெல்ல வைத்தான்.

எட்கர் தலை நிமிரவில்லை. “அவன் என்னை அண்ணேன்னு கூப்பிட்டான், அக்கா,” என்றான். “அப்படிக் கூப்பிட எனக்கு வேற யாரு இருக்கா?”

பெர்ட் போய்க் கதவைத் திறந்து போலீஸை உள்ளே விட்டான்.

லயனலின் உண்மைப் பெயர் ப்ராட். பக்கத்து லங்காஷயரில் இதேபோல் பூர்வீகம் பார்க்கப் போய்த் திரும்பாத ஒருவரைக் கொன்றதற்காக அவனைத் தூக்கிலிட்டார்கள். எட்கர் உயிலைக் கிழித்துவிட்டுக் கனடாவுக்குக் கப்பலேறினான், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பட்டறையை ஐடா கடைசிவரை நடத்தினாள். மிஸ் ஹோல்ராய்ட் ஒரு குளிர்காலத்தில் மார்ச்சளி கண்டு இறந்தார். பெர்ட் காரை விற்றுவிட்டான். அந்தக் குழியை ரேவன்கில்காரர்கள் கல் போட்டு நிரப்பினார்கள்.