ஆளில்லாதவை மட்டும்

அந்தப் படத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருக்கக் கூடாது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அவளுக்கோ அதுதான் உத்தியோகம். யார் வேண்டுமானாலும் படம் ஏற்றலாம், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று நடக்கும் ஓர் இணையதளத்துக்கு, வீட்டிலிருந்தபடியே குறை கண்டுபிடித்துச் சொல்லுவாள். சமையலறை என்று தேடினால் கழிவறை வருகிறதா, ஒரே படம் திரும்பத் திரும்ப வந்து கழுத்தை அறுக்கிறதா, பொத்தானை அமுக்கினால் படம் ஒழுங்காக இறங்குகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, எதை எப்படித் திருத்தலாம் என்று எழுதி அனுப்ப வேண்டும். குறை சொல்வதற்குச் சம்பளம் வாங்கும் ஒரே மனைவி நீதான் என்று கணவன் கேலி செய்வான்.

அன்று சாயங்காலம் அவள் சோதித்துக்கொண்டிருந்தது 'ஆளில்லாதவை மட்டும்' என்ற ஃபில்டரை. அதை அமுக்கினால் மனிதர்களே இல்லாத படங்கள்தான் வர வேண்டும். வெளியே மழை பிடித்திருந்தது. நனைந்த மண்ணின் வாசனையும் சுவரின் ஈர வாசனையும் ஜன்னல் வழியாக உள்ளே வந்து தங்கியிருக்க, சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமுவதும் அடங்குவதுமாக இருக்க, பின்னால் சோபாவில் அவளுடைய ஏழு வயது மகள் சிட்டு கிரேயானால் காகிதத்தைத் தேய்க்கும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. திரையில் ஏதோ ஒரு காத்திருப்பு அறை. வரிசையாக நாற்காலிகள். கடைசி நாற்காலியில்தான் அந்தப் பெரியவர், இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் நிமிர்ந்தவர் மாதிரி, வாய் லேசாகத் திறந்திருக்க, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தளத்தின் புரோகிராமரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, உங்க ஃபில்டர் நல்லா தூங்குது. காத்திருப்பு அறை படத்துல ஒரு பெரியவர் உக்காந்திருக்கார். அதைப் போய் ஆளில்லாததுன்னு காட்டுது."

"எங்கக்கா?"

"கடைசி நாற்காலியில."

அந்தப் பக்கம் மவுஸ் சத்தம். "அது காலி நாற்காலிக்கா. கண்ணாடியை மாத்துங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பெரியவர் எங்கும் போகவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போனாள். ஒரு மாடிப்படி, அதன் நடுவில் இடுப்பில் கைவைத்த ஒரு பெண். விரிப்பு மடிப்புக் கலையாத ஒரு கட்டில், அதன் ஓரத்தில் தலை ஈரம் காயாத ஓர் இளைஞன். படம் பிடித்தவர்கள் வேறு வேறு, ஊர்கள் வேறு வேறு. ஆனால் எல்லோருக்கும் அதே பாதி திறந்த வாய், அதே நேர்ப் பார்வை. ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கும் உலகம். ஒவ்வொன்றையும் ஆயிரக்கணக்கானோர் இறக்கியிருந்தார்கள். கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'ஆளே இல்லாத அமைதி. நன்றி.'

ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

சந்தேகம் வந்தால், விடை தெரிந்த ஒன்றைப் போட்டுப் பார்ப்பது அவள் தொழிலில் வழக்கம். கை பழக்கத்தில் ஃபோனை எடுத்தது.

"சிட்டு, இங்க பாரு."

குழந்தை நிமிர்ந்தது. படம் எடுத்தாள். இப்போது ஃபில்டர் மாட்டிக்கொள்ளும் என்ற சின்னத் திருப்தியோடு படத்தை ஏற்றினாள். கொடுத்தது கொடுத்ததுதான், எடுத்துக்கொண்டவரிடம் திரும்பக் கேட்க முடியாது என்ற வாசகம் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது. நீளமான வாசகம் ஆட்களை விரட்டுகிறது, சின்னதாக்கி ஓரத்தில் போடுங்கள் என்று போன மாதம் யோசனை சொன்னவளே அவள்தான். படிக்காமல் சம்மதம் அமுக்கினாள்.

'ஆளில்லாதவை மட்டும்.' முதல் படமாகவே வந்தது. அவள் வீட்டு சோபா. அதில் அவள் மகள்.

ஃபோன் அடித்தது.

"சோபா படம் அருமையா இருக்குக்கா. அதுக்குள்ள எத்தனை பேர் இறக்கறாங்க தெரியுமா? அது உங்க வீடுதானா?"

"தம்பி, அந்த சோபாவுல யாரு இருக்கா?"

"யாரும் இல்லையேக்கா."

"அதை எடுத்துடுங்க. இப்பவே எடுங்க."

"எடுத்தாச்சு. ஆனா இறக்கிட்டுப் போனவங்ககிட்ட நாம திரும்பக் கேக்க முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

ஃபோனை வைத்தாள். ஃப்ரிட்ஜ் அடங்கியிருந்தது. மழையும் விட்டிருந்தது. கிரேயான் சத்தம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பினாள்.

குழந்தை இருந்தது. அப்பாடா என்று மூச்சு விடப் போனவள் பாதியிலேயே நிறுத்தினாள். கிரேயான்கள் தரையில் கிடந்தன. சிட்டு பார்த்துக்கொண்டிருந்தது அவளை அல்ல. சற்று முன் அவள் ஃபோனைப் பிடித்திருந்த இடத்தை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"சிட்டு."

அசைவில்லை.

"அம்மாகிட்ட விளையாடாதடா."

கையைத் தொட்டாள். சூடாகத்தான் இருந்தது. இமை மட்டும் மூடவில்லை. தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. சுவரைத் தூக்குவது போல.

கதவில் சாவி திரும்பியது. கணவன். ஈரக் குடையை மூலையில் சாத்தினான்.

"என்ன, லைட் போடாம உக்காந்திருக்க?"

வெளிச்சம் வந்தது.

"ஏங்க, சிட்டுவைப் பாருங்க. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறா. அசைய மாட்டேங்கறா."

"யாரு?"

"நம்ம பொண்ணுங்க."

துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்த அவன் கை நின்றது. அவளையே பார்த்தான். அந்த முகத்தில் கேலி இல்லை. இரக்கம் இருந்தது.

"மறுபடியும் ஆரம்பிக்காதம்மா," என்றான் மெதுவாக. "நமக்குக் குழந்தை இல்லைன்னு ஆயிடுச்சு. வா, வந்து பக்கத்துல உக்காரு."

சோபாவை நோக்கி நடந்தான்.

வேண்டாம். அங்கே வேண்டாம். குரல் வரவில்லை.

நீளமான சோபா. இடம் எவ்வளவோ இருந்தது. அவன் சிட்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்தான். உட்கார்ந்து, சாய்ந்து, பெருமூச்சு விட்டு, காலைத் தரையில் ஊன்றினான். அவனுடைய சட்டைக்கு முன்னால் சிட்டுவின் தலை தெரியவில்லை. முகத்துக்கு முன்னால் எதுவும் இல்லை.

கீழே, அவனுடைய இரண்டு கால்களுக்கு நடுவில், தரைக்கு எட்டாமல் இரண்டு சின்னக் கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன.